அப்பாவின் கம்ப்யூட்டர்

பழைய கம்ப்யூட்டர்களைச் சரிபார்த்து, வாங்க வழியில்லாதவர்களுக்குக் கொடுக்கும் கூடத்தில் நான் ரிப்பேர்காரன்.

"அப்பா போய்ச் சேர்ந்துட்டார். எல்லாத்தையும் அழிச்சுட்டு யாருக்காவது குடுத்துடுங்க," என்றான் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு ஆள். மூக்கை வேறு உறிஞ்சினான். பாவமாயிற்றே என்று தண்ணீர் கொடுத்துத் தொலைத்தேன்.

அவன் போனதும், அழிப்பதற்கு முன் இணையம் வேலை செய்கிறதா என்று பார்த்தேன். உடனே வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தால், கட்டில்கள் வரிசையாகக் கிடந்த முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவர்.

"வீட்டுக் கம்ப்யூட்டருக்குத்தானே கூப்பிட்டேன்? நீங்க யாரு தம்பி?"

"ரிப்பேர் பாக்கறவன், ஐயா."

"ஓ, பையன் ரிப்பேருக்குக் குடுத்திருக்கானா! அதான் இத்தனை நாளா எடுக்கல. நான் வேற அவனத் திட்டிட்டேன். வீட்டுக்கு வர்றதுக்குள்ள சரி பண்ணிடுங்க."

"சரிங்கய்யா," என்றேன். செத்துப்போனவரிடம் வேறு என்னத்தைச் சொல்ல?