என் மாசம், என் வண்டி

சாவியைத் திருகியதும் 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடி திருகினேன், அதுவும் வரவில்லை. ராத்திரி உள்விளக்கை அணைக்காமல் விட்ட புண்ணியவான் நான்தான். பின்சீட்டில் அம்மா மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது மணிக்கு அவள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இடது கண் போய் ஒரு வருஷமாகிறது. இன்று வலது கண்ணுக்கு ஆபரேஷன். இன்று விட்டால் அந்த டாக்டர் இரண்டு மாதம் கழித்துத்தான் வருவார், அதுவரை பார்வை தாங்காது என்று சொல்லியிருந்தார்கள். மணி எட்டேகால். வாடகை வண்டி கூப்பிட்டால் இந்தப் பக்கம் வந்து சேரவே முக்கால் மணி நேரம் ஆகும்.

அண்ணன் அவனுடைய பாதி வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தான். ஒரே வீடுதான், நடுவில் சுவர் எழுப்பி மூன்று வருஷமாகிறது; முற்றமும் கேட்டும் மட்டும் பொது. அன்றிலிருந்து பேச்சு இல்லை. அம்மா ஒரு மாதம் அவனிடம், ஒரு மாதம் என்னிடம். ஆபரேஷன் தேதி என் மாதத்தில் விழுந்திருந்தது.

"அம்மா, இறங்கி வா. நான் கொண்டுபோய் விடறேன்" என்றான், என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு.

"அம்மா, இது என் மாசம். என் வண்டியிலதான் போறோம்னு சொல்லு."

தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆகவேண்டும் என்பார்கள். இங்கே அறுபடப் போவது என் மூக்குகூட இல்லை. அது எனக்கு உறைத்தது. உறைத்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"யாராவது ஒருத்தன் கூட்டிட்டுப் போங்களேன்டா" என்றாள் அம்மா. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காரிலிருந்து இறங்கினாள்.

அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, தன் காரை என் காருக்கு மூக்கோடு மூக்காகக் கொண்டுவந்து நிறுத்தினான். டிக்கியிலிருந்து, செத்த பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் கேபிளை எடுத்தான். "துரை அவர் வண்டியிலேயே போகட்டும். கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்ணிக்கச் சொல்லும்மா."

பழைய கேபிள். கிளிப்புகளில் சிவப்பும் கறுப்பும் எப்போதோ உரிந்து, எல்லாம் ஒரே எண்ணெய் அழுக்கு. கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடந்தன. ஒரு பக்கத்து முனைகளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மறுபக்கத்து முனைகளை அம்மா கையில் கொடுத்தான். என் கையில் நேராகக் கொடுத்தால் கை அழுகிவிடும்.

"வலது கையில இருக்கறது பிளஸ். சொல்லிடும்மா."

அம்மா என் பக்கம் திரும்பினாள். தோளிலிருந்து பை நழுவியது. இரண்டு கிளிப்பையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு பையை ஏற்றிவிட்டு, மறுபடி கைக்கு ஒன்றாகப் பிரித்து நீட்டினாள். "வலது கைதான் பிளஸாம்டா."

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கிளிப் கை மாறியிருக்கலாம் என்று தெரியும். 'எதுடா பிளஸ்?' என்று அவனை ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்கவில்லை. மாட்டினேன்.

அவன் குனிந்து தன் பேட்டரியில் இரண்டாவது கிளிப்பை வைத்தான். பட்டென்று நெருப்புப் பொறி பறந்தது. அவன் வண்டிக்குள் ஏதோ வெடித்தது. கருகிய வாடை. ஓடிக்கொண்டிருந்த அவன் இன்ஜினும் நின்றுபோனது.

"அறிவிருக்காடா உனக்கு?" மூன்று வருஷத்தில் என் முகத்தைப் பார்த்து அவன் பேசிய முதல் பேச்சு.

"நீ சொன்னதத்தான் மாட்டினேன்."

"சந்தேகம்னா கேக்க வேண்டியதுதானே? வாய என்ன வாடகைக்கா விட்டிருக்க?"

"உங்கிட்ட கேக்கணுமா நான்?"

அப்புறம் சுவர் வந்தது, அப்பாவின் பீரோ வந்தது, அவன் பெண்டாட்டி என் பெண்டாட்டியைச் சொன்னது வந்தது. ஆசை தீரத் திட்டிக்கொண்டோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது சுகமாகக்கூட இருந்தது.

லாரி பிரேக் போடும் சத்தம் கேட்டுத்தான் திரும்பினோம். அம்மா ரோட்டில் நின்றிருந்தாள். எப்போது காம்பவுண்டுச் சுவரைத் தடவிக்கொண்டு போனாளோ, தெரியாது. என்ன வண்டி என்று தெரியாமலேயே கையை நீட்டியிருக்கிறாள். தண்ணீர் லாரி. டிரைவர் இறங்கி வந்து, அவள் காலைத் தூக்கிப் படியில் வைத்து, "பாத்து ஏறுங்கம்மா" என்றான்.

"அம்மா!" இரண்டு பேரும் ஓடினோம். பெரிய கேட் பூட்டியிருந்தது. பக்கத்துச் சின்னக் கதவில் ஒரு ஆள்தான் நுழையலாம். ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். நான் ஒதுங்கவில்லை. அவனும் ஒதுங்கவில்லை.

தோளும் தோளும் இடித்துக்கொண்டு நின்றபோது லாரி கிளம்பியது. உயரமான சீட்டில் அம்மா, வெயில் படாமல் வலது கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். லாரியின் பின்னாலிருந்து ஒழுகிய தண்ணீர் ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே போயிற்று.