செங்கமலம் வீட்டுக் கூடத்தில் தண்ணீர்

ஆத்திவிடுதியில் செங்கமலத்தின் வீட்டுக் கூடம் வைகாசி முதல் தேதியிலிருந்து நாளுக்கு நாலு முழம் வீதம் நீண்டது. கந்தர்வக்கோட்டையில் அந்த வாரம் முந்திரிக்கொட்டை விலை விழுந்துபோயிருந்ததால் முதல் மூன்று நாள் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. கூடம் நீண்டதற்குக் காரணம் ஒன்றும் ரகசியமல்ல. தேர்தல் முடிந்ததும் கிழக்குத் தெரு ஒரு கட்சி, மேற்குத் தெரு ஒரு கட்சி என்றாகி, ஆளுக்கொரு கொடிக்கம்பம் நட்டு, உன் கம்பம் உயரமா என் கம்பம் உயரமா என்று மாற்றி மாற்றிக் குழாய் செருகினார்கள். பதினோராவது குழாயில் இரண்டு கம்பத்துக்கும் நடுவே பூமி விரிந்து, தெருக்கள் ஒன்றைவிட்டு ஒன்று நகரத் தொடங்கின. இடையில் அடி தெரியாத பள்ளம். வாய்க்கால், அடிபம்பு, பிள்ளையார் மேடை எல்லாம் அதற்குள் போயிற்று. இரண்டு தெருவுக்கும் வாசல் வைத்துக் கட்டிய ஒரே வீடு செங்கமலத்துடையது. அது மட்டும் அறுந்துபோகாமல் பள்ளத்தின் மேல் இழுபட்டுக் கிடந்தது.

செங்கமலம் சுயேச்சையாக நின்று நாலு ஓட்டில் ஜெயித்த வார்டு மெம்பர். பிறந்தது கிழக்குத் தெரு, வாக்கப்பட்டது மேற்குத் தெரு. கிழக்குக்குத் தலைவர் அவள் அண்ணன் உடையப்பன். மேற்குக்குத் தலைவன் கொழுந்தன் நாகராசு. புருசன் அய்யப்பன் சார்ஜாவில் பத்தொன்பது வருசம் வெயிலில் வெந்து கட்டிய வீடு அது. கூடத்துக் கிரானைட்டை லீவில் வந்தபோது அவரே தடவித் தடவிப் பார்த்து வாங்கிப்போட்டார். ஆடி பிறப்பதற்குள் கூடம் அரை பர்லாங் ஆனது. மேற்கு வாசலில் யாரோ கூப்பிடுகிறார்களே என்று போய்த் திரும்புவதற்குள் அடுப்பில் பால் தீய்ந்துவிடும் என்பதால், வீட்டுக்குள்ளேயே டி.வி.எஸ். எக்ஸெல் ஓட்டினாள்.

பஸ் கிழக்கே, கண்மாய் மேற்கே. ஆகவே பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால் கேன், ரேஷன் அரிசி எல்லாம் அவள் கூடத்தின் வழியேதான் போய்வந்தன. போய்வந்தவர்களே அவளைத் திட்டவும் செய்தார்கள், அதுதான் வேடிக்கை.

“ஒரு வாசலச் சாத்து. நீ யாரு பக்கம்னு ஊருக்குத் தெரியட்டும்” என்றார் உடையப்பன்.

“பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுற வெலாங்கு மாதிரி இருக்கீங்க மதினி” என்றான் நாகராசு.

மத்தளத்துக்காவது கச்சேரி முடிந்தால் ஓய்வு உண்டு. இவள் உட்கார்ந்தால் எழுந்திருப்பாள், படுத்தால் புரளுவாள், இந்த வாசலில் நிற்கும்போது அந்த வாசலில் என்ன நடக்கிறதோ என்று எக்ஸெலை எடுப்பாள்.

அந்த வருசம் புரட்டாசி மழை ஏமாற்றியது. கிழக்கே நூற்றுப்பத்து ஏக்கர் நெல் கதிர் கக்கும் பருவத்தில் நின்றது. ஒரு வாரத்துக்குள் தண்ணீர் படாவிட்டால் அத்தனையும் மணி பிடிக்காத சாவி. கண்மாயில் தண்ணீர் இருந்தது, மடை நாகராசு கையில் இருந்தது. கிழக்குக்கு ஒரு சொட்டு கிடையாது என்று அவன் மைக் வைத்துச் சொன்னான். மேற்குத் தண்ணீரில் விளைந்ததைத் தின்றால் தங்களுக்குச் செரிக்காது என்று கிழக்குத் தெருக்காரர்களும் மைக் வைத்துச் சொன்னார்கள். பயிருக்கு என்ன தெரியும், அது பாட்டுக்குக் காய்ந்தது. தண்ணீர் வர ஒரே வழி தன் கூடம்தான் என்பது செங்கமலத்துக்குத் தெரியும். நாலு நாள் கிரானைட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சார்ஜாவில் இருக்கும் மனுசனுக்கு என்ன பதில் சொல்வது என்று நினைக்கும்போதெல்லாம் அதை இன்னொரு தடவை துடைத்துவிட்டாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தாலி ஏறிய மறுநாள் மருமகளை மடைக்குக் கூட்டிப்போய், ஆயுசுக்கு ஒருக்கா நீ கேட்டா மடை தொறக்கும் என்று சொல்வார்கள். பெரும்பாலோர் கேட்காமலே செத்துப்போவார்கள். செங்கமலமும் இருபத்தாறு வருசமாகக் கேட்டதில்லை. ஐந்தாம் நாள் மடையில் போய் நின்றாள்.

“கெழக்குக்கு ஒண்ணும் வேணாம் தம்பி. எங்க வீட்டுக்குத் தண்ணி விடுங்க.”

“வீட்டுக்குள்ள எதுக்கு மதினி கம்மாத் தண்ணி?”

“தரையக் கழுவணும்.”

நாகராசு முட்டாள் இல்லை. ஆனால் மருமகள் கேட்டு மடை திறக்கவில்லை என்றால் வீட்டுக்கே கேவலம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் திறந்தான். அவள் எக்ஸெலை முறுக்கிக்கொண்டு, தண்ணீருக்கு முன்னே கிழக்கு வாசலுக்கு வந்தாள். அங்கே அண்ணன் மம்பட்டியோடு குறுக்கே நின்றார்.

“மேக்குத் தண்ணி எங்க வயல்ல படாது.”

“இது எங்க வீட்டுத் தண்ணிண்ணே. பொறந்த வீட்டுக்கு நான் செய்யிற சீரு. வேணாம்னா சொல்லு, சாத்திக்கிறேன்.”

தங்கச்சிக்கு அண்ணன் செய்ய வேண்டிய சீர், இங்கே தலைகீழ். உடையப்பன் குனிந்து மண்ணை வெட்டித் தண்ணீரை வயலுக்குத் திருப்பினார். உள்ளே பிரிட்ஜ் மிதந்துபோய்ச் சுவரோரம் ஒதுங்கியது, கெண்டைக்குஞ்சுகள் பூஜை அறைவரை வந்தன, கிரானைட் முழுக்க வண்டலுக்குள் மறைந்தது. செங்கமலம் சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

நெல் விளைந்தது. தண்ணீர் தந்த தங்கமே என்று நாகராசுவுக்கும், தண்ணீரை மீட்ட சிங்கமே என்று உடையப்பனுக்கும் போஸ்டர் ஒட்டினார்கள். இரண்டிலும் அவள் படம் இல்லை. மேற்குத் தெரு மாடுகளுக்குக் கிழக்கு வைக்கோல் அதே கூடத்தின் வழியே தலைச்சுமையாகப் போனது. தரை கழுவி முடிந்ததா என்று கேட்க நாகராசுவுக்கு வாய் வரவில்லை, ஆகவே மடை திறந்தபடியே கிடந்தது. தெருக்கள் நகர்வது நின்றதா என்றால், இல்லை. நாளுக்கு ஒரு முழமாகக் குறைந்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைதோறும் அய்யப்பன் வீடியோவில் வரும்போது அவள் போனை முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டாள். மார்கழியில் அவர் தரையைக் காட்டச் சொன்னார். போனைத் திருப்பிக் காட்டினாள். வண்டல் கலங்கிய தண்ணீர் சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது.

“ஆழம் எம்புட்டு?” என்றார்.

“முட்டளவுங்க.”

“அப்பக் கட்டில் காலுக்கு ஒவ்வொரு செங்கல் வச்சு ஒசத்திப் போடு. பொங்கலுக்கு வாரேன்.”

அவள் காலுக்கு ரெண்டாக எட்டு வைத்தாள். மனுசர் தூக்கத்தில் கையைத் தொங்கவிடுகிறவர்.