ஜூலையில் வந்த தண்ணீர்

எங்கள் ஊர் ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே முள்கம்பி வேலி ஓடுகிறது. அந்தப் பக்கம் ஜார்ஜியாவிலிருந்து பிரிந்துபோன ஒசேத்தியர்கள், அவர்களுக்குக் காவலாக ரஷ்யச் சிப்பாய்கள். இந்தப் பக்கம் ஜார்ஜியர்களாகிய நாங்கள். 2008-இல் நடந்த போர் ஐந்து நாளில் முடிந்துவிட்டது. வேலி மட்டும் வருடா வருடம் கொஞ்சம் நீண்டுகொண்டே போகிறது.

நான் பக்கத்து டவுனில் ஒரு சின்ன வானொலியில் வேலை பார்க்கிறேன். போன செப்டம்பரில் தலைநகர் திபிலிசியிலிருந்து ஓர் அமைப்பு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டது. அமைதியைப் பற்றி ஊர் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்பதற்காம். "உன் ஊர்தானே எத்தேரி, போய்ப் பதிவு பண்ணிட்டு வா" என்று வானொலியின் செய்தி ஆசிரியர் என்னை அனுப்பினார்.

இருபது பேர் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண் திபிலிசியிலிருந்து வந்திருந்தாள். கையில் கேள்விகள் அச்சடித்த தாள். முதல் கேள்வி: "அமைதி என்றால் உங்களுக்கு என்ன?"

ஒமாரி அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். போரில் அவருடைய வீட்டை எரித்துவிட்டார்கள். அதே அடித்தளத்தின் மேல் தன் கையாலேயே மறுபடி கட்டியவர்.

"பதினோரு வருஷமா இதே கேள்விய கேக்கறீங்க. போன தடவ வந்தவங்க பிஸ்கட்டாவது நல்லதா கொண்டுவந்தாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, "அந்தப் பக்கத்து ஆளுங்களோட பேசணும்னு தோணுதா அண்ணே?" என்று கேட்டாள்.

"யாரோட? என் வீட்டுக்குத் தீ வெச்சவனோடயா? அவனுங்ககிட்ட பேச என்ன இருக்கு? இந்த ஊர்ல ஒருத்தரும் பேசமாட்டாங்க. அப்படியே எழுதிக்கோ."

"நான் பேசறேன்."

சொன்னது லாமாரா அக்கா. ஜன்னலோரம் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். தபால் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். அவள் கணவர் இனால் ஒசேத்தியர். போருக்குப் பிறகும் மனைவியோடு இங்கேயே இருந்துவிட்டவர், இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோனார். அவருடைய தங்கை ஸாலினா வேலிக்கு அந்தப் பக்கம் நாலு கிலோமீட்டரில் இருக்கிறாள். அண்ணன் சாவுக்குக்கூட அவளால் வர முடியவில்லை.

"வாராவாரம் ஞாயித்துக்கிழமை ஸாலினாவோட ஃபோன்ல பேசறேன். பேசாம இருக்கறதுக்கு அவ என்ன பண்ணினா?"

"அதானே பாத்தேன்" என்றார் ஒமாரி. "இங்க நடக்கறதெல்லாம் அங்க எப்படிப் போகுதுன்னு இப்பத்தானே தெரியுது."

"என்னடா போகுது? உன் கோழி முட்டை போடாதது போகுது. என் மூட்டுவலி போகுது." அவள் எழுந்து நின்றாள். "இந்த ஜூலைல உன் மரமெல்லாம் காஞ்சு நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? போருக்கப்புறம் அவங்க அடைச்சு வெச்ச வாய்க்கால்ல மூணு நாள் தண்ணி வந்துதே, அது எப்படி வந்துதுன்னு நினைச்சே?"

"அரசாங்கம் பேசி விட்டுச்சு."

"எந்த அரசாங்கம்? ஸாலினா புருஷன் அக்சார் அங்க மதகுல வேலை பாக்கறான். நான் அழுதேன்னு அவ அவன்கிட்ட சொன்னா. அவன் யாரையும் கேக்காம மதகத் தொறந்துட்டான். மூணு நாள். ரிப்பேர்னு எழுதி வெச்சுட்டான்."

பெஞ்சுகளில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மூன்று நாளும் ராப்பகலாக மண்வெட்டியோடு நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் பாய்ச்சியவர்கள்தான் எல்லோரும். திபிலிசிப் பெண் மட்டும் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

சொன்னது என்னவென்று லாமாரா அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்துப்போய் என் கையிலிருந்த பதிவுக்கருவியைப் பார்த்தாள்.

"எத்தேரி, அது ஓடிட்டிருக்கா?"

"ஆமாக்கா."

"அழிச்சுடும்மா. வெளிய தெரிஞ்சா அவனை உள்ள போட்டுடுவாங்க."

"பெயரைச் சொல்லாமப் போடலாமே" என்றாள் அந்தப் பெண். "நாங்க இத்தனை வருஷமா தேடறதே இந்த மாதிரிக் கதையத்தான்."

"உனக்கு வேணுந்தான் கண்ணு. மதகுல இருக்கறது ரெண்டே பேரு. கண்டுபிடிக்கப் பெயரு எதுக்கு?"

உண்மையைச் சொன்னால், எனக்கும் அதை அழிக்க மனம் வரவில்லை. இந்த வேலைக்கு வந்து என் கையில் கிடைத்த உருப்படியான ஒரே பதிவு அதுதான். பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது ஒமாரி எழுந்து அந்தப் பெண்ணின் மேஜைக்குப் போனார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன்.

"எழுதின தாளக் கிழிச்சுக் குடும்மா" என்றார் மெதுவாக.

அவள் கிழித்துக் கொடுத்தாள். நானும் அழித்தேன். அன்றைய ஒலிபரப்பில் போனதெல்லாம் சாலை சரியில்லை என்ற நாற்பது விநாடிப் புகார்தான். ஆசிரியர் என்னைத் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

ஒமாரி லாமாரா அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டு மாதம் அவள் வீட்டுப் பக்கமே போகவில்லை. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவளோடு சமையலறையில் இருந்தபோது, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"அந்த ஆளு இருக்கானா லைன்ல?"

லாமாரா அக்கா ஃபோனை நீட்டினாள். அக்சாருக்குப் பழைய நாளில் கற்ற ஜார்ஜிய மொழி பாதி மறந்துபோயிருந்தது. ஒமாரி காது கேளாதவரிடம் பேசுவதுபோல் கத்தினார். நன்றி என்ற சொல்லே வரவில்லை. காய்களைத் துளைக்கும் நாற்றப்பூச்சியைப் பற்றித்தான் இருபது நிமிடம் பேச்சு. அங்கேயும் அதே பூச்சிதானாம். என்ன மருந்து, எத்தனை லிட்டருக்கு எவ்வளவு என்று ஒமாரி உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

"பேச என்ன இருக்குன்னியே?" என்றாள் லாமாரா அக்கா, அவர் ஃபோனைத் திருப்பித் தந்தபோது.

"பூச்சியப் பத்தித்தானே பேசினேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வசந்தத்தில் அக்சாரை வேறு வேலைக்கு மாற்றினார்கள். காரணம் தெரியவில்லை, ஆனால் தண்டனை இல்லை என்று ஸாலினா சொன்னாள். இந்த ஜூலையில் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை. ஒமாரியின் காயில் பாதி உதிர்ந்துபோயிற்று. "இப்ப அவன்கிட்ட மதகும் இல்ல, இன்னும் என்ன பேச்சு?" என்று பக்கத்துத் தோட்டக்காரர் கேலி செய்தாராம். ஒமாரி அந்த ஞாயிற்றுக்கிழமை சட்டை மாற்றிக்கொண்டு லாமாரா அக்காவின் வீட்டுக்குப் போனார்.