மச்சான் கொண்டுவந்த மீன்

பானையிலிருந்து மோந்த தண்ணீரைப் பிலோமி தன் புருசன் பவுலின் கையில் ஊற்றியதும் அவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

“கொதிக்கிற தண்ணிய ஏம்ளா ஊத்துத?”

அடுப்பு இன்னும் மூட்டவே இல்லை. விடிகிற நேரத்துப் பானைத் தண்ணீர், விரலை விட்டால் சில்லென்றிருந்தது. புருசன் விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் முழங்கால் மடங்கி உட்கார்ந்து, முந்தின இரவு தின்றதையெல்லாம் முற்றத்தில் வாந்தியெடுத்தான். உதடு மரத்துப்போச்சு என்றான். நாக்கில் எறும்பு ஊருது என்றான். அவளுக்கும் உதட்டோரம் குறுகுறுவென்றுதான் இருந்தது, ஆனால் அவள் தின்றது வால் துண்டு ஒன்று. தலையும் ஈரலும் அவனுக்கு வைத்தாள். பிள்ளைகள் இரண்டும் குழம்பு கொதிக்குமுன்னே கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கியிருந்தன.

முழங்கை நீளக் களவா மீன். அவள் அண்ணன் இஞ்ஞாசி கொண்டுவந்து போட்டது. உலகச் சண்டை முடிந்து வருசம் ஒன்றாகியும் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த வீட்டில் அது பெருநாள் மாதிரி. “தலைய மாப்ளைக்கு வையி” என்று சொல்லிவிட்டு, தனக்கு வயிறு சரியில்லை என்று ஒரு வாய்கூடத் தின்னாமல் போனான்.

அவன்தான் இப்போது வாசலில் வந்து நின்றான். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

“ராத்திரி எல்லாரும் நல்லா தூங்குனியளா?”

கேட்டவன் கண் அவளைத் தாண்டி, சுவரில் சாய்ந்து கிடந்த பவுலிடம் போய் நின்றது. “நல்ல நேரத்துல வந்தண்ணே” என்று அவள் அழுதாள். அவன் உள்ளே வரவில்லை, திரும்பி ஓடினான். வைத்தியரைக் கூட்டிவரத்தான் ஓடுகிறான் என்று நினைத்து வெகுநேரம் பார்த்திருந்தாள். கடைசியில் அவளே போய்த்தான் வைத்தியரைக் கூட்டிவந்தாள்.

மத்தியானம் மெட்டில்டா வந்தாள். கரையில் மீனுக்கு உப்புப் போடுகிறவள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

“உங்க அண்ணன் காலம்பற எங்க பக்கத்துல நின்னு மண்ணத் தோண்டுதான். நாலு களவா, ஒண்ணொண்ணும் பிள்ளை கணக்கா. ‘ஏலே இஞ்ஞாசி, அடக்கத்துக்குச் சாமியாரக் கூப்புடவா’ன்னு கேட்டேன். மூஞ்சியத் தூக்கிப் பாக்கல.”

“எதுக்குப் புதைக்கணும்?”

“நேத்தே காயப்பட்டினத்து யாவாரி மூஸா நெய்னா வாங்கமாட்டேன்னுட்டாரு. கடலுக்கடியில சுண்ணாம்புக்குக் கல்லு வெட்டுன பாறைல பிடிச்சதாம். அங்கன பூரா பாசி படந்து கெடக்கு, அதை மேஞ்ச சின்ன மீனத் தின்னு இதுவும் நஞ்சாயிருக்கும்னாரு. ‘பூனைக்கு ஒரு துண்டு போடு. விடிஞ்சும் அது நடமாடுச்சுன்னா கொண்டா, எடுத்துக்கிடுதேன்’னு சொல்லி அனுப்பிட்டாரு.”

அண்ணன் விடியலில் வாசலில் வந்து நின்றது பிலோமிக்கு ஞாபகம் வந்தது. கரையில் பூனைக்கா பஞ்சம்? ஆனால் துண்டைக் கவ்விக்கொண்டு போன பூனையை விடிந்து எங்கே போய்த் தேடுவது. தங்கச்சி வீடு எங்கேயும் போகாது. கதவைத் தட்டினால் தெரிந்துவிடும்.

பவுல் சங்கு குளிக்கிறவன். இடுப்பில் கயிறு கட்டி அவன் கடலுக்குள் இறங்கினால், மேலே அந்தக் கயிற்றைப் பிடிக்கிற கை மச்சானுடையதாகத்தான் இருக்கும். தன் தங்கச்சி தாலியைத் தானே அறுக்க எந்த அண்ணனும் துணியமாட்டான் என்று கரையில் ஏற்படுத்தி வைத்திருந்த வழக்கம் அது. ஒன்பது வருசமாக இஞ்ஞாசி பிடித்த கயிற்றில்தான் பவுல் மூச்சடக்கி இறங்கினான். விசயத்தைச் சொன்னால் இனி இறங்கமாட்டான். வேறு அண்ணன் தம்பியும் அவளுக்கு இல்லை. சங்குக் காலம் போய்விடும், பிள்ளைகள் வயிறு காயும். சொல்லாவிட்டால் அவன் உயிர் அந்தக் கையில்தான். அவள் ஒரு நாள் தள்ளிப்போட்டாள். பிறகு இன்னொரு நாள்.

பதினெட்டாம் நாள் சங்குக் குளிப்பு தொடங்கியது. விரல் நுனி இன்னும் மரத்திருக்க, பவுல் கரைக்குப் போனான். கஞ்சித் தூக்கோடு பின்னால் போனாள் பிலோமி. இத்தனை நாளும் வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்காத இஞ்ஞாசி தொடையளவு தண்ணீரில் வள்ளத்தைப் பிடித்தபடி நின்றான்.

“வாங்க மாப்ள, நேரமாவுது.”

பவுல் தண்ணீரில் கால் வைத்தான். அவளால் அடக்க முடியவில்லை.

“அண்ணே, கரையில அம்புட்டுப் பூனை கெடக்கையில எதுக்கு எங்க வீட்டுக்குக் கொண்டாந்த?”

பக்கத்து வள்ளத்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னளா சொல்லுத?”

“விடியங்காட்டி வந்து நின்னியே, யாரு சொல்லி வந்த?”

“மீனு கெட்டதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுளா.”

“தெரிஞ்சுக்கிடத்தானே கொண்டாந்த.”

“அஞ்சு மீனுளா” என்றான் இஞ்ஞாசி. “ரெண்டு நாளு கடல்ல கெடந்து பிடிச்சது.”

பவுல் அவனைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“அன்னைக்கு மத்தியானமே.”

“பதினெட்டு நாளா” என்றான்.

மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாகப் பாய் விரித்துப் போயின. இஞ்ஞாசி பிடியை விடவில்லை. அலை தூக்கும்போது வள்ளம் அவனையும் சேர்த்து ஒரு சாண் இழுத்தது. பவுல் வள்ளத்துக்கும் போகவில்லை, கரைக்கும் திரும்பவில்லை. அலை பின்வாங்கும்போதெல்லாம் அவன் காலடி மணல் சரிந்து, பாதம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.