வெளியே ஒரு பை

"உனக்குப் பை வீக்கு" என்று கன்னியம்மா சொல்லிச் சொல்லி, அது மருமகள் ஏஞ்சலினுக்கு இன்னொரு பெயராகவே ஆகிவிட்டது. இரண்டு முறை கருப்பையில் கரு தங்கவில்லை. இரண்டு முறையும் மாமியார் போட்ட சட்டம் ஒன்றுதான்: மூன்று மாதம் முடிகிறவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது, கண் பட்டுவிடும். ஏஞ்சலினும் வாயை மூடிக்கொண்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஸ்விட்ச் மூடிகளைச் சோதிக்கிற லைனில் தினம் எட்டு மணி நேரம் நின்றாள். யார் கண்ணும் படவில்லை. கருவும் நிற்கவில்லை.

இப்போது மூன்றாவது. ஒன்பது வாரம். அதிக நேரம் நிற்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஏஞ்சலின் எம்.எஸ்சி. விலங்கியல் படித்தவள். கங்காருவை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அதன் கருப்பையைப் பற்றி ஐம்பது பக்கம் எழுதி முதல் மார்க் வாங்கியிருக்கிறாள். அந்த மார்க்கை வைத்துக்கொண்டு மூடியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறாள். படிப்புக்கு இங்கே அவ்வளவுதான் மரியாதை.

காலை நாஷ்டாவின்போது மாமியார் மறுபடி "பை வீக்கு" என்று ஆரம்பித்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வீக்குனா இன்னான்னு சொல்றேன் கேளு அத்தே. கங்காருக்குக் கரு ரொம்ப நாளு ஒரு மெல்லிசு ஓட்டுக்குள்ள கீது. கருப்பை அத்தத் தொடாது. சுவரு தடிச்சு, சத்தைச் சுரந்து ஓட்டு வழியா ஊட்டும். கடைசி ஏழெட்டு நாள்லதான் ஓடு கிழியும். சுவரோட மேல்தோலு மாறும், கரு வந்து ஒட்டும். ஒட்டுன எடம் காயம் பட்டாப்போல ஆயிடும். அப்புறம் வெளிய தள்ளிடும், மொச்சைக்கொட்டை சைஸ்ல. அத்தப் போயி யாரும் பை வீக்குன்னு சொல்றதில்ல."

"தள்ளுனா இன்னா? அதுக்கு வெளிய ஒரு பை கீது, புடிச்சுக்கும். உனக்கு இன்னா கீது?"

புருஷன் இம்மானுவேல் இட்லியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வாயில்லாப் பூச்சி. அவனிடம் எதையும் எதிர்பார்ப்பதை ஏஞ்சலின் எப்போதோ விட்டுவிட்டாள்.

அன்றைக்கே சட்டத்தை உடைத்தாள். நேராக சூப்பர்வைசர் சந்திரமோகனிடம் போய் நின்றாள்.

"சார், நான் மாசமா கீறேன். ஒரு சேர் போட்டுக் குடுங்க. உக்காந்துக்கினே செக் பண்றேன், ஒரு பீஸ் கொறையாது."

"அட, கங்கிராட்ஸ்மா! ஸ்வீட்டு எங்க? சேரு இன்னா பெரிய மேட்டரா, பாத்துக்கலாம்."

அவள் நம்பினாள். அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் எளாவூர் போய் இறங்கும்வரை தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள். சேர் மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான்காம் நாள் காலை கேட்டில் வருகைப்பதிவு மெஷினில் விரலை வைத்தபோது அது சிவப்பாக எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடி சிவப்பு. பின்னால் நின்றவர்கள் அவளை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார்கள்.

சந்திரமோகனுக்குப் போன் போட்டாள்.

"காண்ட்ராக்ட்ல ஆளு மாத்திட்டாங்கம்மா, என் கையில இன்னா கீது? புள்ளயப் பெத்துக்கினு வா, பாக்கலாம்."

மூன்று வருஷம் கம்பெனி அவளைத் தொடாமலே, காண்ட்ராக்டர் வழியாகச் சம்பளம் ஊட்டியது. அவள் பெயர்கூட அதற்குத் தெரியாது. வாயைத் திறந்து ஒட்டப் பார்த்த நாலே நாளில் வெளியே தள்ளிவிட்டது. கங்காருகூட ஒரு வாரம் வைத்திருக்கும்.

வெயிலில் நின்றவளைப் பார்த்து செக்யூரிட்டி கலியன் தன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. புள்ளத்தாச்சி நிக்கக்கூடாது."

"உங்களுக்கு யாருண்ணா சொன்னது?"

கலியன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சூப்பர்வைசருதாம்மா. புள்ளத்தாச்சியாம், உள்ள உடாதேன்னாரு."

ஏஞ்சலினுக்கு அழுகை வரவில்லை. கெட்ட வார்த்தை ஒன்றுதான் வந்தது, அதை வாய்விட்டே சொன்னாள். பிறகு வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, கேட்டுக்கு வெளியே கிடைத்த அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.