குழுவின் அனுமதியோடு நிற்கும் குதிரை

1

ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்துத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். கனடாவின் வினிபெக் நகரம், 1919. ஊரே வேலைநிறுத்தத்தில் இருக்கிறது. பால் வண்டியில் மட்டும் ஓர் அட்டை: வேலைநிறுத்தக் குழு அனுமதித்திருக்கிறதாம். வேலை செய்யாதே என்றவர்களிடமே வேலை செய்ய அனுமதி. (இது நடந்தது. இனி வருவது நடக்கவில்லை.)

2

'பசி நகரத்தின் மீது ஒரு கரிய'

வேண்டாம். குதிரையிலிருந்து தொடங்குகிறேன்.

ஓஸ்டாப் பால் வண்டிக்காரன். அட்டை வருவதற்கு முந்தைய நாட்கள், அவனும் வேலைநிறுத்தத்தில்தான். அவனுடைய குதிரை ஸிர்கா, வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாள் காலை லாயத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு தனியாகக் கிளம்பியது. வண்டி இல்லை, பால் இல்லை. வழக்கமான நாற்பத்தோரு வாசல்களிலும் நின்றது. வாசலுக்கு ஒரு நிமிடம். நான்காம் நாளும் அப்படியே.

3

ஐந்தாம் நாள் காலை தெருக் குழு கூடியது. தலைவர் மர்டோ, ரயில் பட்டறைக்காரர். கூட்டம் அவர் வீட்டு முன்னறையில். கருங்காலியின் குதிரை என்று ஊர் பேசுகிறது, ஓஸ்டாப்பைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்றார். நீக்கினால் அந்தத் தெருவில் அவனோடு யாரும் பேசமாட்டார்கள். சாகும்வரை.

"உன் குதிரை வேலைக்குப் போவுது ஓஸ்டாப்."

"போவல தலைவரே. சும்மா நிக்குது."

"நிக்கிறதுதான்யா அதோட வேலை."

"சும்மா நிக்கிறது வேலைன்னா, அஞ்சு நாளா நாம என்ன பண்றோம்?"

சிலர் சிரித்தார்கள். (மர்டோவையும் சிரிக்க வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.)

தையல்காரி பெய்லா எழுந்தாள். அவளும் வேலைநிறுத்தத்தில் இருப்பவள், கைக்குழந்தைக்காரி.

"அது வந்து நின்னா நான் தூக்குச்சட்டியோட ஓடறேன். ஓடினப்புறம்தான் பால் இல்லன்னு ஞாபகம் வருது. என்னையும் நீக்கிடுங்க."

4

முடிவு அ: குதிரையைக் கட்டிப்போடுகிறார்கள். அது கதவை உதைக்கிற உதையில் தெருவே

முடிவு ஆ: கழுத்தில் ஓர் அட்டை: 'குழுவின் அனுமதியோடு நிற்கிறது.' (அட்டைகள் எல்லாம் இப்படித்தான் பிறந்தன என்று எழுத ஆசை. அடித்துவிட்டேன்.)

5

வாக்கெடுப்பு. நீக்க ஆறு பேர், வேண்டாமென்று ஆறு பேர். மீதி மர்டோ. நீக்கத்தான் அவர் கையைத் தூக்க ஆரம்பித்தார்.

அப்போது வெளியே குளம்புச் சத்தம். மர்டோவின் வீடு பத்தொன்பதாவது வாசல்.

பன்னிரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, பழக்கத்தில் அவருடைய இடது கை அலமாரிக்குப் போய்த் தூக்குச்சட்டியை எடுத்துவிட்டது.

வலது கை பாதி உயர்ந்திருக்கிறது. மூன்று வாரமாக என்னால் அதை ஏற்றவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை.

ஓஸ்டாப் அந்தக் கையையே பார்க்கிறான். இனி உங்கள் பாடு. சீக்கிரம் சொல்லுங்கள். குதிரை ஒரு நிமிடம்தான் நிற்கும்.