நாலு செகண்டில் நூறு

கீழ்பென்னாத்தூரில் அரிசி மில் வைத்திருக்கும் ராஜேந்திரனுக்கு அன்று மதியம் மூன்று மணிவரைதான் கெடு. மூன்று மணிக்குத் திருவண்ணாமலையில் ஒருவர் காத்திருந்து ராஜேந்திரனின் காரை வாங்கிக்கொள்வார். வெளிநாட்டு வண்டி, நானூற்று ஐம்பது குதிரைச்சக்தி. நின்ற இடத்திலிருந்து நாலே செகண்டில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடுமாம். தொடுமா? மூன்று வருஷம் வைத்திருந்தும் மனுஷனுக்குத் தெரியாது! தெருவுக்குத் தெரு வேகத்தடை, முன்னால் கரும்பு டிராக்டர், பின்னால் டவுன் பஸ். பார்க்கிறவர்களும் கேட்டது ஒரே கேள்விதான்: “மைலேஜ் எவ்ளோ குடுக்குது?”

“கிரிவலத்துல அடி அண்ணாமலைகிட்ட நடந்து போனவங்களே நம்மளத் தாண்டிப் போனாங்க. இதுக்கு இன்னாத்துக்குங்க இவ்ளோ சத்தம்?” என்று மனைவி ஆதிலட்சுமி வாரினாள். முதுகுவலி தாங்காமல் விற்கச் சொன்னதும் அவள்தான். ஆனாலும் செல்போனில் ஸ்டாப்வாட்ச்சைத் திறந்து வைத்திருந்தாள். தெரிந்துகொள்ள அவளுக்கும் ஆசை.

ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட ரோடு ஒன்று நேராக இரண்டு கிலோமீட்டர் போகிறது. ராஜேந்திரன் அதில் திரும்பினார். திரும்பியதும் பிரேக்கை அழுத்தினார். ரோட்டின் தொடக்கத்திலேயே அகலம் முழுக்க உளுந்தஞ்செடி! போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் மணி உதிருமென்று ஆராயி என்கிற பெண் பரப்பி வைத்திருந்தாள்.

“வாங்கண்ணா! காலையிலேர்ந்து ஒரு லோடு வண்டி வரல. உங்க டயரு நல்லா அகலமா கீது. நாலு ரவுண்டு அடிச்சிட்டுப் போங்க.”

“இது இன்னா வண்டி தெரியுமா?”

“வண்டிதானே?”

ஆதிலட்சுமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மணி இரண்டேகால். வேறு ரோடு தேட நேரமில்லை. ராஜேந்திரனுக்கு வீம்பு வந்துவிட்டது. “செடி மேலேர்ந்தே வண்டிய எடுக்கறேன். ஓரமா போம்மா!”

ஆராயி தள்ளிப் போய்ப் புளியமரத்தடியில் நின்றாள். முழு வேகம் வேண்டுமென்றால், சக்கரம் வழுக்காமல் காக்கும் பொத்தானை அணைத்துவிட வேண்டும் என்று எங்கோ படித்திருந்தார். அணைத்தார். ஆக்ஸிலரேட்டரில் ஒரே அழுத்து!

வண்டி உறுமியதில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்தன. ஸ்பீடாமீட்டர் முள் எகிறியது. “அறுவது… எம்பது… நூறு!” என்று கத்தினார் ராஜேந்திரன். “நாலேதாங்க! சரியா நாலு!” என்று ஆதிலட்சுமியும் கத்தினாள். அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மூன்று வருஷத்து ஏக்கம் தீர்ந்தது.

ஜன்னல் பக்கம் திரும்பினால், அதே புளியமரம். அதனடியில் அதே ஆராயி, தலையில் அடித்துக்கொண்டு நின்றாள்.

பின்சக்கரம் இரண்டும் செடிமேல் வழுக்கி, நின்ற இடத்திலேயே சுற்றியிருக்கின்றன. ஒரு காய்கூட முழுசாக இல்லை. உதிர்ந்த உளுந்தில் பாதி பக்கத்துக் கால்வாயில் கிடந்தது.

“அய்யோ, என் உளுந்து! நல்லா இருப்பீங்களா நீங்க!”

ராஜேந்திரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கால்வாயில் இறங்கினார். ஆதிலட்சுமி முறத்தைப் பிடித்தாள். அள்ளி முடிவதற்குள் மூன்றரை ஆகிவிட்டது. போன் அடித்தது. வாங்க வந்தவர்தான்.

“சார், கேக்கறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. நெஜமாவே நாலு செகண்ட்ல நூறு வருமா?”

ராஜேந்திரன் மீசையில் ஒட்டியிருந்த உளுந்துப் பொட்டைத் துடைத்தார்.

“வருங்க. கண்ணால பாத்தேன். போறதுக்கு ரோடு மட்டும் நீங்க எடுத்துட்டு வரணும்.”